இறக்கம் இல்லாத றோட்டு

வீரையா பிறந்தது மலையில். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பிராவில். பதினான்கு வயதில் பேக்கரிக்காரர் ஒருவரின் சைக்கிளில் வீடுவீடாகப் பாண் கொண்டுபோகும் வேலை கிடைத்தது. ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளித் தள்ளி நாக்குத் தள்ளிவிடும். ஆனால் உச்சிக்கு ஏறிவிட்டால் பிறகு மூன்று கட்டை, மூன்று மைல், இறக்கம். மிதிக்கவே தேவையில்லை. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் தேயிலை, காதில் காற்று. அந்த மூன்று கட்டைக்காகவே அவன் சம்பளம் கேட்காமல் வேலை செய்திருப்பான்.

எண்பத்துமூன்று கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். அப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வடக்கே வன்னிக்கு வந்து சேர்ந்தார். பொடியன் முதல்நாளே றோட்டுக்குப் போய் நின்று பார்த்தான். முன்னாலும் சமம், பின்னாலும் சமம்.

"இங்க இறக்கம் எங்கப்பா?"

"ஏத்தமும் இல்லயே. அது போதாதா?" என்றார் அப்பா. அந்த மனுசனுக்கு வன்னியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்போது வீரையாவுக்கு ஐம்பத்தேழு வயது. மாங்குளத்திலிருந்து பதினாறு கிலோமீற்றர் உள்ளே, பாலையடிக் குடியிருப்பில் வீடு. ஊரார் வயலில் கூலி வேலை. பிள்ளைகள் இல்லை. மனைவி கமலாட்சிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. திங்களும் வியாழனும் கிளிநொச்சிக்குப் போய் டயலிசிஸ் செய்ய வேண்டும். தவறினால் உடம்பு ஊதும், மூச்சு முட்டும், பிறகு ஆள் இல்லை. டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

மாங்குளம் போய்விட்டால் பஸ்ஸுக்குக் குறைவில்லை. அதுவரையான பதினாறு கிலோமீற்றர்தான் எமன். ஓட்டோக்காரர் கேட்கிற காசுக்கு ஒரு கிழமைக் கூலி போய்விடும். கை உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்ரரின் குலுக்கலை அவளது உடம்பு தாங்காது. ஊரிலுள்ள இரண்டு மோட்டார்சைக்கிளும் முல்லைத்தீவில் மேசன் வேலைக்குப் போனால் சனிக்கிழமைதான் திரும்பும். ஆகவே வீரையா கரியரில் ஒரு தலையணையைக் கட்டி, அதிலே கமலாட்சியை இருத்தி, விடிய ஐந்து மணிக்கு மிதிக்கத் தொடங்குவார். பள்ளம் கண்ட இடத்தில் இறங்கித் தள்ளுவார். யானை நின்றால் அது போகும்வரை காத்து நிற்பார்.

இரண்டு வருடம் அலைந்து, நாற்பத்திரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, பஸ் கேட்டு மனுக் கொடுத்தவர் அவர்தான். போன வருடம் டிப்போ இரங்கியது. ஒரு மாதம், திங்களும் வியாழனும், விட்டுப் பார்ப்பார்களாம். ஆட்கள் ஏறினால் தொடர்ந்து ஓடுமாம். முதல்நாள் பஸ்ஸுக்குத் தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டார்கள். கமலாட்சி யன்னலோரம் இருந்து போனாள். அன்றைக்கு அவள் சிரித்ததைப் பார்த்து வீரையாவுக்கு அழுகை வந்துவிட்டது.

இருபத்திரண்டாம் நாள் கொண்டக்டர் செந்தூரன் மெதுவாகச் சொன்னான்.

"ஐயா, கோவிக்காதேங்கோ. ஒவ்வொரு தரமும் ரெண்டு ரிக்கற், மூண்டு ரிக்கற். இப்பிடியெண்டா டிப்போ விடாது."

அப்போதுதான் வீரையா திரும்பிப் பார்த்தார். பின்னால் முழுக்க வெறும் சீற். யன்னலுக்கு வெளியே, ஊர்ச்சனம் வரிசையாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது.

பின்னேரம் கிராமச் சங்கத் தலைவர் யோகநாதனின் வீட்டுப் படலையில் போய் நின்றார்.

"ஏன் ஒருத்தரும் பஸ்ஸில ஏறுறீங்க இல்ல?"

யோகநாதன் திகைத்துப்போனார். "என்ன அண்ணை இப்பிடிக் கேக்கிறியள்? அக்கா வருத்தக்காரி. வரேக்கை படுத்துக்கொண்டு வரவேணுமெல்லோ. நாங்களும் ஏறி நெருக்கினா அவா என்ன செய்வா? எல்லாரும் கதைச்சுத்தான் சைக்கிள்ள போறம்."

அது அந்தச் சனத்தின் பழக்கம். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் உழவு இயந்திரப் பெட்டி வருத்தக்காரருக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும்தான். மற்றவர்கள் நடை அல்லது சைக்கிள். கூப்பிட்டாலும் ஏறமாட்டார்கள். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் அந்த மரியாதை போகவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இவர்களைத் திட்டவும் முடியாது, கும்பிடவும் முடியாது.

திங்கட்கிழமை விடிய ஊரே திரண்டது. முப்பது பேருக்கு மேல், குளித்து, தோய்த்த உடுப்புப் போட்டுக்கொண்டு. பாதிப் பேருக்குப் போக ஒரு இடமும் இல்லை. ரிக்கற் எடுக்கவே வந்தார்கள். ஆறு மணியானது, ஏழு மணியானது. பஸ் வரவில்லை. வீரையா செந்தூரனுக்குப் போன் எடுத்தார்.

"ஐயா, மாதம் முடியவும் பாக்கேல்லை, வெள்ளிக்கிழமையே முடிவெடுத்திட்டினம். ஆக்கள் இல்லையெண்டு எழுதிப்போட்டினம்."

மறுபடி மனுக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. கைக்கெட்டினது வாய்க்கெட்டவில்லை. தலையணை மீண்டும் கரியருக்கு ஏறியது.

மாசி மாதத்தில் ஒருநாள் எதிரே வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று சைக்கிளில் வந்தது. இறுக்கமான உடுப்பு, இறகுபோலச் சைக்கிள், கூடவே ஒரு வழிகாட்டிப் பெடியன். வீரையாவையும் கரியரில் இருந்தவளையும் கண்டு நின்றார்கள்.

"ஐயா, இவை உலகமெல்லாம் ஓடினவையாம். மலை, பள்ளத்தாக்கு எல்லாம் பாத்தவையாம். இப்பிடி அமைதியான றோட்டு எங்கயும் காணேல்லையாம். ஒரு வாகனமும் இல்லையெண்டு சந்தோசப்படுகினம்" என்றான் பெடியன்.

"நாங்களும் அதத்தான் தம்பி சொல்றம். ஒரு வாகனமும் இல்ல" என்றாள் கமலாட்சி. பெடியன் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு கையசைத்துப் போனார்கள்.

பங்குனி வெயிலில் வீரையாவின் வலது முழங்கால் வீங்கியது. ஒரு வியாழன் பாதி வழியில் கால் மடங்கி, இருவருமாக மண்ணில் விழுந்தார்கள். கமலாட்சி அவரது காலைத்தான் தடவினாள்.

அடுத்த திங்கள் விடிய அவர் சைக்கிளை வெளியே எடுத்தபோது அவள் வந்து, கரியரிலிருந்து தலையணையை அவிழ்த்தாள். நிதானமாக, ஒவ்வொரு முடிச்சாக.

"என்னங்க, நான் வரேல்ல."

"பைத்தியமா உனக்கு?"

"போதும். உங்க காலும் போனா நம்ம ரெண்டு பேரையும் யாரு தூக்குறது?" தலையணையைக் கொண்டுபோய்ப் பாயில் போட்டுத் தலைசாய்த்தாள்.

அவர் கெஞ்சினார், திட்டினார், காலைப் பிடித்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரையாவது மறித்து, எந்த வாகனத்தையாவது கூட்டிவந்து, தூக்கிப் போட்டுக்கொண்டாவது போகிறேன் என்று வீரையா தனியே சைக்கிளில் ஏறினார்.

சைக்கிள் ஓடியது. வீங்கிய காலுக்குக்கூடப் பாரமாக இல்லை. பின்னால் ஆளில்லாமல், மிதித்ததும் மிதிக்காததுமாக, பாண் பெட்டியோடு அன்றைக்கு விட்ட இறக்கம்போல ஓடியது. காதில் காற்று வந்தது. ஒரு கணம், ஒரேயொரு கணம், கால்களுக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்து வீரையாவுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. வாய்விட்டு அழுதுகொண்டே மிதித்தார். மாங்குளம் வரைக்கும் எதிரே ஒரு வாகனமும் வரவில்லை.