கிளிஃபோர்ட் போட்டுக் கேட்காத டேப்

என் கணவர் கிளிஃபோர்டோடு உட்கார்ந்து ஒரு பழைய படம் பார்க்க வேண்டுமென்றால் அசாத்தியப் பொறுமை வேண்டும். ஒன்றரை மணி நேரப் படம் எங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் ஓடும். மாடியில் லேசாக ஏதாவது சத்தம் கேட்டால் போதும், மனுஷர் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். மாடி, சமையலறை, பின்வாசல் என்று சுற்றி வந்து, பூனைதான் என்று தெரிந்த பிறகுதான் திரும்ப உட்காருவார். திரையில் போர்க்கப்பல் பாதி மூழ்கிய நிலையில் அப்படியே நிற்கும். அதன் தளத்தில் கம்பளிக் கோட்டு போட்ட அதிகாரி வாயைத் திறந்தபடி காத்திருப்பார்.

"அந்தப் பூனை ஒரு நாள் என்கிட்ட உதை வாங்கப் போகுது, பாத்துக்கோ."

"எழுந்து பாத்துட்டு வந்தா என்ன குறைஞ்சுபோச்சு, நோரீன்?"

வெளியாட்கள் இதைக் கிறுக்கு என்பார்கள். காரணம் எனக்குத் தெரியும் என்பதால் ஒரு நாளும் நான் தடுத்ததில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது.

வட இங்கிலாந்தின் பர்ன்லியில் பஸ் டெப்போ மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கிளிஃபோர்ட். நகத்திலிருந்து கிரீஸ் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. எங்கள் முன்னறையில் சுவர் இருப்பதாக நான்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வீடியோ கேசட்டும் சிடியும் ரெக்கார்டும்தான். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் திரைச்சீலையை இழுத்துவிடுவார். ஒரு பெரிய பானைத் தேநீர், வெண்ணெய் தடவிய பழ ரொட்டி, ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நகைச்சுவைத் தொடரென்றால் நடிகர்கள் சொல்வதற்கு முன்னால் இவர் வசனத்தைச் சொல்லிவிட்டு, தானே சிரிப்பார். பாத்திரம் கழுவும்போது நாங்கள் பள்ளியில் படித்த காலத்துப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டு, காலுறையோடு சமையலறைத் தரையில் வழுக்கி வழுக்கி ஆடுவார். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். அவரிடம் அதைச் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

ஆனால் அவர் போட்டுக் கேட்காத டேப் ஒன்று இருந்தது. எங்கள் துணி அலமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள். வீடு மாறியபோது வேறு எதை யார் தூக்கினாலும் அந்த டப்பாவை மட்டும் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. அந்தக் காலத்தில் டிவியில் ஒன்று ஒரு தரம் வந்தால் வந்ததுதான், திரும்பப் பார்க்க வழியில்லை. படத்தைப் பிடித்து வைக்க முடியாத பையன்கள் சத்தத்தையாவது பிடித்து வைப்பார்கள். டிவி முன்னால் மைக்கை வைத்து டேப்பைச் சுற்றவிட்டு, வீட்டில் இருக்கிற அத்தனை பேர் வாயையும் அடைத்துவிடுவார்கள். தெருவுக்கு ஒரு பையன் இப்படி வீட்டையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மாலைகளில் மூடுபனித் துறைமுகம் ஒன்றைப் பற்றிய திகில் தொடர் வந்தது. அதன் கடைசிப் பாகமான ஆறாவது பாகம் அன்றைக்கு. மாமாவிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டர். மைக்குக்குத் தாங்கி இல்லாததால் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு வெறும் பலகைத் தரையிலேயே அதை வைத்தார். கிளியைக் கூண்டோடு சமையலறைக்குத் துரத்தினார். அம்மாவின் பின்னல் ஊசிகளுக்குக்கூடத் தடை. அப்பா வில்ஃப் மட்டும், "நீ உன் வேலையப் பாருடா, நான் கரி அள்ளிட்டு வந்துடறேன்" என்று முன்னறைக்கு நேர் கீழே இருந்த நிலவறைக்கு இறங்கிப் போனார்.

பாதியில் கீழே தொம்மென்று ஒரு சத்தம். அம்மா எழுந்தாள். கிளிஃபோர்ட், 'கெடுத்துடாதே' என்று கெஞ்சுகிற முகத்தோடு கையைக் காட்டினார். கரிமூட்டை சரிந்திருக்கும் என்று அம்மா திரும்ப உட்கார்ந்துவிட்டாள். கடைசி இசை முடிந்து இவர் பொத்தானை அமுக்கிய பிறகுதான் இறங்கிப் பார்த்தார்கள். படிக்குக் கீழே அப்பா கிடந்தார். உயிர் இல்லை.

வந்த டாக்டர் சொன்னாராம்: "விழுந்த அந்த நொடியே போயிட்டார். அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் புருஷன் இத்தனை காலம் ஓட்டினார். அது நிஜமென்றால் அன்றைக்குக் கை காட்டி அம்மாவை உட்காரவைத்ததால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அது டாக்டர் இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யென்றால்? அந்தக் கேள்வியை அவரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் அவரிடம் கேட்டதில்லை. பதில் மட்டும் பிஸ்கட் டப்பாவுக்குள் எங்கள் துணிகளோடு இருந்தது.

ஒளிபரப்பியவர்கள் அந்த ஆறாம் பாகத்தை அழித்துவிட்டு, அதே நாடாவில் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். அப்போது யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. இப்போது பழைய தொடர் ரசிகர்கள் அந்தப் பாகத்துக்காக நாடு முழுக்கப் பரண் பரணாகத் துழாவுகிறார்கள். கிளிஃபோர்ட் வாயே திறக்காமல்தான் இருந்தார். மான்செஸ்டரில் நடந்த ரெக்கார்டு சந்தையில் இரண்டு பைண்ட் பீர் உள்ளே போனதும், "ஆறாம் பாகத்தோட சத்தம் எங்க வீட்ல இருக்கு" என்று உளறிவிட்டு வந்தார். பீரையும் அவர் வாயையும் ஒன்றாகத் திட்டினேன்.

அடுத்த வாரமே ஃபோன் வந்தது. டொமினிக் பெல் என்று ஒருவன், முப்பது வயதிருக்கும், ரசிகர் மன்றத்து ஆள். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வதுதான் அவன் தொழில். மரியாதையானவன், நல்ல பிள்ளை. கெட்டவனாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டு ஃபோனை வைத்திருப்பேன். மாதாமாதம் கூப்பிடுவான். "அவர் வீட்ல இல்லப்பா" என்பேன். அவர் என் முன்னால் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

போன குளிர்காலத்தில் கிளிஃபோர்டுக்கு நெஞ்சுவலி வந்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பிய சில நாளில், நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பையன்கிட்ட டேப்பக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு? வினையை விலை குடுத்து வாங்கவா?"

"கேக்கணும் நோரீன். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் ஒண்ணும் இல்லேன்னா டாக்டர் சொன்னது நிஜம். நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

"இருந்தா?"

அவர் என் கையிலிருந்து கத்தியை வாங்கி, நான் சீவிய கிழங்கையே திரும்பச் சீவினார். "இருந்தா அதையும் நான்தானே கேக்கணும்."

"அப்போ நீயே போட்டுக் கேளேன். ஊரான் கையில எதுக்குத் தூக்கிக் குடுக்கறே?"

"தனியாக் கேக்கத் தைரியமில்ல கண்ணு. டேப்பும் நைஞ்சுபோயிருக்கும், நான் போட்டா அறுந்துடும். நீ அந்தப் பையன்கிட்ட அப்பா விஷயத்தச் சொல்லிடாதே. பாவம்னு ஒரு பார்வை பாப்பான். அத என்னால தாங்க முடியாது."

என்ன வீறாப்பு! அந்த வீறாப்புக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது. ஆட்டிவிட்டேன்.

டொமினிக் வந்து, கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படம் இல்லை, பாட்டு இல்லை. ஞாயிறு மதியம் வழக்கம்போல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிவியைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார். தேநீர் கொண்டு போனால் ஆறிப்போய் அப்படியே இருக்கும். ஃபோன் அடித்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் டொமினிக்கைக் கூப்பிட்டேன், டேப் அறுந்துபோய்விட்டதென்று பொய் சொல்லிவிடு என்று கேட்பதற்காக. அவன் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். கிளிஃபோர்டின் காத்திருப்பை ஒரு பொய்யால் முடிக்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் டொமினிக் வந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"மிஸ்டர் ஆர்மரோட், நீங்க நம்பவே மாட்டீங்க. நேத்து பதிஞ்ச மாதிரி இருக்கு!"

சிடியைப் போட்டான். மூடுபனிச் சங்கு ஊதியது. கிளிஃபோர்டின் உதடுகள் அசைந்தன. இத்தனை வருஷம் கழித்தும் ஒவ்வொரு வசனமும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. கதாநாயகி கலங்கரை விளக்கத்தின் படியேறுகிறாள், விளக்கு இரண்டு முறை அணைந்து எரிகிறது என்று அவளே சொல்கிறாள். அந்த இடம் வரப்போகிறதென்று அவர் கை என் முழங்காலை நெரித்ததிலிருந்து தெரிந்தது.

வெறும் கடல் இரைச்சல். ஒரு கதவு கிறீச்சிட்டது, அதுவும் கதையில் வருகிற கதவு. வேறொன்றும் இல்லை. வில்லன் பிடிபட்டான், படகு கிளம்பியது, கடைசி இசை முழங்கத் தொடங்கியது.

"இல்ல நோரீன்." கிளிஃபோர்ட் என் பக்கம் திரும்பினார். கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமே இல்ல. அந்த 'தொம்'கூட இல்ல! நானாத்தான் கற்பனை பண்ணிக்கிட்டேன் போல. நாங்க எதையுமே கேக்கல. டேப் போடறதுக்கு முன்னாடியே விழுந்திருக்காரு அப்பா. அம்மா எழுந்ததுகூட வேற எதுக்கோ."

அவர் சிரித்தார். வாய்விட்டு, மூக்கு உறிஞ்சிக்கொண்டு. அப்படியொரு சிரிப்பை நான் பார்த்தே பல வருஷமாகியிருந்தது. கடவுளே, அந்த நிமிஷத்தில் எனக்கும் உடம்பெல்லாம் லேசாகிப்போனது. புதுசாகத் தேநீர் போடுகிறேன் என்று சமையலறைக்கு ஓடினேன். ஏன் அழுகிறார் என்று புரியாமல் விழித்த டொமினிக்கும் அழுக்குக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தான்.

"பழைய ஞாபகம் போலிருக்கு" என்றான். "பாவம். நல்லாக் கேட்டுதா உங்களுக்கு?"

"சுத்தமா இருந்துச்சுப்பா. நீ நல்லா இருப்பே."

"சுத்தமாத்தான் இருக்கும்!" அவன் முகம் மலர்ந்தது. "வந்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? அந்த விளக்கு அணையற இடத்துல பெருசா ஒரு சத்தம், தொம்முனு. அத எடுக்கறது சுலபம். அதுக்கு அப்புறம் வந்துச்சே, அதுதான் என் உயிரை வாங்கிடுச்சு."

கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்துவிட்டேன். "என்ன வந்துச்சு?"

"தட்டற சத்தம். தரைக்குக் கீழேர்ந்து. இசைக்கு அடியில அமுங்கிக் கிடக்கு, அங்க உக்காந்திருந்தவங்களுக்கே கேட்டிருக்காது. மைக்கைத் தரையில வெச்சிருக்காங்க இல்ல, பலகை வழியா ஏறியிருக்கு. என் மெஷின்ல போட்டப்பதான் தெரிஞ்சுது. மூணு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூணு தட்டு. யாரோ கீழ பைப்பு ரிப்பேர் பண்ணிட்டிருந்திருக்காங்க. ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்தேன்."

அவன் சட்டையைப் பிடித்தேன். "இத அவர்கிட்ட சொல்லாதே. கேக்குதா? உன்கிட்ட இருக்கறத அழிச்சிடு. இன்னிக்கே."

"அழிக்கறதா?" பையன் மிரண்டுபோனான். "மிஸஸ் ஆர்மரோட், எடுத்த சத்தத்தையெல்லாம் தனியாச் சேத்து அதே சிடியோட கடைசியில போட்டிருக்கேனே. அந்தக் காலத்து வீட்டுச் சத்தம்னா எங்க ஆளுங்களுக்கு உசுரு. அவருக்கு ஒரு பரிசா இருக்கட்டும்னு நெனச்சேன். இசை முடிஞ்சதும் தானா ஓடும். இந்நேரம் ஆரம்பிச்சிருக்குமே."

அவனைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். முன்னறையில் கிளிஃபோர்ட் ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். தொடரின் சத்தம் எதுவும் இல்லை, ஒரு பழைய வீட்டின் அமைதி மட்டும். நாற்காலி முனகியது. ஒரு பெண் மெதுவாக இருமினாள்.

"நோரீன், அம்மா!" என்றார், குழந்தை மாதிரி. "அம்மாவோட இருமல் இது!"

"அணைச்சிடு கிளிஃப். ரிமோட்ட எங்க வெச்சே? குடு இங்க."

அது அவர் கைக்குள் இருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

தொம்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பிறகு கீழேயிருந்து, மெதுவாக, மூன்று தட்டல். கொஞ்சம் இடைவெளி. மூன்று தட்டல்.

நான் அவர் காதுகளைப் பொத்தினேன். அவர் என் கைகளை விலக்கிவிட்டு இன்னும் குனிந்தார். மூன்று தட்டல். கோப்பையும் துணியுமாக டொமினிக் கதவருகே வந்து நின்றான். கிளிஃபோர்ட் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"தம்பி, இது எந்த இடத்துல நிக்குது?"

நான் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வேலையைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

"நிக்கவே இல்ல சார். கடைசி இசை முடிஞ்சு, நீங்க டேப்ப நிறுத்தற வரைக்கும் தட்டிக்கிட்டேதான் இருக்காங்க."