அண்ணையின் நெஞ்சைத் திறக்கச் சொன்ன நாள்

கண்ணாடிச் சாடிக்குள் ஓர் இதயம். மஞ்சள் பாரித்து, அவித்த மரவள்ளிக்கிழங்கு போல இருந்தது. ஒஸ்லோவில் நான் துப்புரவு வேலை செய்த ஆஸ்பத்திரியில், நோயியல் பிரிவின் பின்னறை முழுவதும் இப்படிப் பழைய சாடிகள்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்; எதற்கும் பயப்படுகிறவள். முதல் நாள் தரையை மட்டும் பார்த்துத் துடைத்துவிட்டு ஓடி வந்தேன்.

அந்தப் பிரிவின் பெரிய டொக்டர் ஒரு நோர்வேஜியப் பெண்மணி. சாடிகளை வேறு எவரையும் தொட விடமாட்டார். தானே துடைப்பார், துடைத்தபடி கதை சொல்வார். ஒரு காலத்தில் வைத்தியர்கள் எந்த நோய்க்கும் இரத்தமும் பித்தமும் கெட்டுப்போச்சு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பிறகு இத்தாலியில் ஒரு வயதான வைத்தியர், ஆள் உயிரோடு இருந்தபோது சொன்ன நோவையும் இறந்தபின் திறந்து கண்டதையும் அருகருகே வைத்து எழுதினாராம், நூற்றுக்கணக்கான பேருக்கு. நோய்க்கு உடம்பில் ஓர் இடம் உண்டென்று அப்படித்தான் தெரிய வந்ததாம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. என் பயங்களுக்கு ஒருநாளும் இடம் இருந்ததில்லை. அவை உடம்பெல்லாம் திரியும்.

என் அண்ணை ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் தன் வீட்டுப் படியேறும்போது விழுந்து இறந்தார். நாற்பத்தாறு வயது. உடலைத் திறந்து பார்க்கலாமா என்று அவர் மனைவியிடம், என் மச்சாளிடம், எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டிருந்தார்கள். வீடு நிறையச் சனம். யோசித்து யோசித்தே, கவலையிலேயே, அவர் நெஞ்சு நின்றது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

"யோசனையிலை செத்தவனை வெட்டி என்னத்தைக் காணப் போறியள்?" என்றார் பெரியப்பா. "தலைக்கு அரப்பெண்ணெய் வைக்கேக்கை தையலையோ தடவுறது?"

யோசனையில் சாவதென்றால் நான் எப்போதோ போயிருக்க வேண்டும். அதைத்தான் சொன்னேன். சபையில் வாய் திறந்து பழக்கமில்லை. மச்சாள் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளையளுக்கும் வருமோ?"

"பாத்தால்தான் தெரியும்."

மச்சாள் பெரியப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஓம் எண்டு சொல்லிவிடு என்றார்.

செத்தவரின் தலையில் உறவினர் அரப்பெண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும் வழக்கத்தைப் பெரிய டொக்டரிடம் விளங்கப்படுத்தினேன். தலையைத் தொடமாட்டோம், நெஞ்சு மட்டும் போதும், தையல் சட்டைக்குள் மறைந்துவிடும் என்றார். சொன்னபடி செய்தார். செத்தவீட்டில் முதலில் எண்ணெய் வைத்தவர் பெரியப்பாதான்.

இதயத் தசை தடித்திருந்ததாம். குடும்பத்தில் இறங்கி வரக்கூடியதாம். எங்கள் எல்லோரையும் சோதித்தார்கள். எனக்கு இல்லை. அண்ணையின் மகளுக்கு இருந்தது; தினமும் ஒரு குளிசை மருந்து விழுங்கச் சொன்னார்கள். ஹேண்ட்பால் விளையாட்டை நிறுத்தி ஒரு மாதம் ஒருவரோடும் கதைக்கவில்லை அவள். இப்போது லில்லெஸ்ட்ரோமில் சின்னப் பிள்ளைகளுக்கு அதையே பழக்குகிறாள். பெரிய டொக்டர் இப்போது உயிரோடு இல்லை. அன்று அந்தச் சபையில் நான் வாயைத் திறந்தது சரிதான் என்பதில் மட்டும் எனக்கு ஒரு யோசனையும் இல்லை.

போன புதன்கிழமை காலை, அண்ணையின் மகள் என்னைக் காரில் ஏற்றிப் போனாள்.

"மாமி, உங்கட நெஞ்சு நல்லாத்தானே இருக்கு. இனி என்னத்துக்கு யோசிக்கிறியள்?"

"நீ இண்டைக்குக் குளிசை போட்டனியோ எண்டு."

சிவப்பு விளக்கில் நின்றதும் பையைத் துழாவி, நாளுக்கொரு குழியுள்ள குளிசைப் பெட்டியை என் மடியில் போட்டாள். திறந்து பார்த்தேன். புதன்கிழமைக் குழி வெறுமையாக இருந்தது.