செல்லாத கையெழுத்துக்கு ஒரு சம்மதப் பத்திரம்

மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிறவர் அவர். நெற்றி நிறைய நாமம். பிரிண்டரில் வந்த தாளைக்கூட, மை காயட்டும் என்று வாயால் ஊதிவிட்டுத்தான் கொடுப்பார்.

பதினேழு வயதில் கடைக்கு நான் போட்ட வாடகை ஒப்பந்தத்தை, பதினெட்டு முடிந்ததும் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அவரிடம்தான் எழுதி வாங்கினேன். பிறகு ஓனர் கடையைக் காலி செய்யச் சொன்னார். மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது, பின்னால் ஏற்றுக்கொண்டாலும் அதற்கு உயிர் வராது என்று வக்கீல் கைவிரித்தார்.

“இது செல்லாதுன்னு தெரியாதா மாமா?” என்று பத்திரக்காரரிடம் போய்க் கத்தினேன்.

“தெரியுமே. எழுதித் தாங்கன்னு கேட்ட, எழுதினேன். செல்லுமான்னு கேக்கலியே?”

“கடை போவுதே!”

“அப்ப காலி பண்றேன்னு எழுதணும்ல? உக்காரு.”

எழுதி, ஊதிக் கொடுத்தார். அவர் எனக்கு எழுதித் தந்ததில் சட்டப்படி செல்லுபடியானது அது ஒன்றுதான்.