ரெண்டு ரேடார் இருக்கணுமாம்

அவரைக்காய்க்கு நார் உரிச்சுக்கிட்டே, நடுநடுவே கையைத் துடைச்சிட்டு எழுதறேன். இன்னைக்குப் பாப்பாவுக்குக் காதுகுத்து. அவங்கப்பா கப்பல்ல இருக்கார். கப்பல்காரருக்கு வாக்கப்பட்ட அக்கா தங்கச்சிகளே, நம்ம உத்தியோகத்துக்கு லீவே கிடையாது. போன்ல சார்ஜ் மட்டும் குறையக் கூடாது.

அம்புக்குறி

பெரிய கப்பலெல்லாம் ஒண்ணோடொண்ணு மோதாம இருக்க, தன் பேரையும் இடத்தையும் சொல்லிக்கிட்டே போற கருவி வெச்சிருக்கணும். அதை நாம போன்லயும் பார்க்கலாம். அவர் கப்பல் ஒரு பச்சை அம்புக்குறி. ஒருநாள் அது மேலேயே இன்னொரு அம்புக்குறி ஏறி நின்னுச்சு. மோதிடுச்சோன்னு போன் மேல போன் போட்டேன். சாயங்காலம்தான் போன் எடுத்தார். “ஏம்புள்ள, விரல் வெச்சுப் பெருசாக்கிப் பாரு. ரெண்டுக்கும் நடுவுல நம்ம ராசிபுரத்தையே வெக்கலாம்.”

ஒத்தை லைட்டு

காதுகுத்துக்கு வந்துடறேன்னு சொல்லியிருந்தார். போன வாரம் ஒரு துறைமுகத்துல கப்பலைச் சோதிச்சப்ப ஒரு ரேடார் வேலை செய்யலை. அவ்வளவு பெரிய கப்பலுக்கு ரெண்டு இருக்கணும்னு சட்டம். சரி பண்ணாம நகரக் கூடாதுன்னு அதிகாரி நிறுத்திட்டார். அவருக்கு மாத்தாள் ஏறுறது அடுத்த துறைமுகத்துல. அதுவரைக்கும் இறங்க முடியாது. என் மாமனார் போர்வெல் போடற ரிக் லாரி ஓட்டினவர். விஷயத்தைக் கேட்டதும் துண்டை உதறினார். “ஒத்தை லைட்டுல நான் ராய்ப்பூர் வரைக்கும் போயிருக்கேன். இவனுகளுக்கு என்ன கேடு?”

மடி

தேதியைத் தள்ளி வெக்கலாமுங்களான்னு அத்தைகிட்டக் கேக்க எனக்கு மூணு நாள் ஆச்சு. கேட்ட நேரம் பார்த்துப் பக்கத்து ஊட்டு அக்கா உக்காந்திருந்தாங்க. அத்தை வாய் திறக்கறதுக்குள்ள அவங்க சிரிச்சுட்டாங்க. “காது குத்த மாமன் மடிதானே வேணும் சாமி? உங்க அண்ணன் வந்தாச்சில்ல, அப்பன் எதுக்கு?”

இன்னைக்குக் காலையில

போன் பண்ணினார். சாமான் வந்துடுச்சாம், மாட்டறாங்களாம். எப்பவும் அதிகம் பேசாதவ நான், இன்னைக்கு வாய்ல வந்துடுச்சு: ஒண்ணுதான் நல்லா இருக்கில்லீங்க, அதை வெச்சே கிளம்பி வந்திருக்கலாமில்லீங்க? மெதுவாச் சொன்னார். “முழுசா வந்து சேரணுமில்ல கண்ணு?”

மொத்தத்துல, ஒண்ணு குறைஞ்சா கப்பலை நிறுத்தி வெக்க ஆள் இருக்கு, ஊட்டை ஒத்தையா ஓட்டறவளை நிறுத்தி ஏன்னு கேக்கத்தான் ஒரு அதிகாரியும்... அத்தை கூப்பிடறாங்க, ஆசாரி வந்துட்டாராம், பாப்பாவைத் தூக்கிட்டுப் போயி அண்ணன் மடியில உக்கார வெக்கணும்.