ரப்பீஸ் மூலையில் ஒரு குடம்

மாடியில் செடித்தொட்டி வைக்கக் கூடாது என்பதை, நான் குடியிருந்த எல்லா வீட்டுச் சொந்தக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே காரணத்தோடுதான் சொன்னார்கள். தளம் ஒழுகுமாம். கோடம்பாக்கத்தில் சொன்னார்கள், தி. நகரில் சொன்னார்கள், இப்போது மந்தைவெளியிலும் சொன்னார்கள். மேல்தொட்டி நிரம்பி மாடி முழுக்கத் தண்ணீர் ஓடும்போது ஒழுகாத தளம், என்னுடைய ஒரு தக்காளிச் செடிக்கு மட்டும் எப்படி ஒழுகும் என்று தி. நகர்க்காரரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அடுத்த வருஷம் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் மாமியார்கள். திரையில் முறைக்கிற முகம் வேறொருவருடையது, மருமகளை வீட்டை விட்டுத் துரத்துகிற குரல் என்னுடையது. எத்தனையோ பேரை வீட்டை விட்டுத் துரத்தியவளுக்குச் சொந்தமாக ஒரு வீடு அமையவில்லை. கணவர் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். இரண்டு பேர் சம்பாத்தியமும் வாடகைக்கும் மகள் படிப்புக்கும் சரியாகப் போயிற்று. அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. சுவர் யாருடையதாக இருந்தால் எனக்கென்ன? ஆனால் காலடியில் கொஞ்சம் மண் வேண்டும், அதில் நான் ஒன்றை நட வேண்டும், அதை எடு என்று எவரும் வந்து சொல்லக் கூடாது. இந்த ஆசை மட்டும் வீடு மாறும்போதெல்லாம் என்னோடு லாரியில் ஏறி வந்துகொண்டே இருந்தது.

மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மாநகராட்சி இடம் ஒன்று வெகுகாலமாகச் சும்மா கிடந்தது. குடியிருப்போர் சங்கத்தார் அனுமதி வாங்கி, குப்பையை அகற்றி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்திருந்தார்கள். இந்தப் பகுதிக்குள் குடியிருக்க வேண்டும், பாத்தியைத் தரிசாகப் போடக் கூடாது. விதி அவ்வளவுதான். சொந்த வீடா, வாடகை வீடா என்ற கேள்வியே இல்லை. கேள்விப்பட்ட அன்றைக்கே போய்ப் பெயர் கொடுத்தேன்.

காத்திருப்போர் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஊரே நின்றது. பாத்தி கிடைத்தவர்கள் யாரும் விடுவதாக இல்லை. வெளிநாட்டுக்குப் பிள்ளையைப் பார்க்கப் போனவர், திரும்பி வரும்வரை மைத்துனரை விட்டுத் தண்ணீர் ஊற்ற வைத்தார். முழங்கால் போய் உட்கார முடியாதவர், நாற்காலி போட்டுக்கொண்டு களை பிடுங்கினார். சங்கத்தின் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். எப்போது கேட்டாலும் "பாக்கலாம் மேடம்" என்பார். சென்னையில் ஒருவர் பாக்கலாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தயாரிப்பாளர்களிடம் சம்பளம் கூட்டிக் கேட்டு எத்தனை பாக்கலாம் வாங்கியிருக்கிறேன்.

தினமும் காலையில் வேலிக்கு வெளியே நின்று அடுத்தவர் கத்திரிக்காயைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அப்படிப் பார்த்தபோதுதான் அந்த மூலை கண்ணில் பட்டது. பின்பக்க மதில் ஓரமாக, நீளத்துக்கு, ரப்பீஸ் கொட்டிக் கிடந்தது. இடித்த செங்கல், காரை, உடைந்த குளியலறை டைல்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் ஊரில் அதுதான் பெயர். யார் வீட்டை இடித்துக் கொட்டியதோ தெரியாது. சங்கத்தார் முன்பக்கத்தைச் சுத்தம் செய்து களைத்துப்போய், பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த மூலையை எனக்குக் கொடுங்கள் என்று செயலாளரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது பாத்தியே இல்லை, அதைக் கொடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை, வேண்டுமானால் அள்ளிக்கொள்ளுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கணவரும் அள்ளினோம். அவர் அதிகம் பேச மாட்டார். வீட்டில் ஒருவர் பேசினால் போதும் என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு செய்துவிட்டவர். கடப்பாரையை வாங்கிக்கொண்டு வந்து ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கினார். அள்ளிய மூட்டைகளை ஏற்றிப்போக மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்தேன். அவர் இடத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா மா, ரப்பீஸ்ல போய் இன்னா வெளையப் போவுது? அடி வரிக்கும் கல்லு தான் கீது" என்றார்.

"கல்லை எடுத்துட்டா அப்புறம் மண்ணுதானே நைனா" என்றேன்.

அவருக்கு என்ன தோன்றியதோ, மூட்டைகளைத் தானே தூக்கி வண்டியில் போட்டார்.

காரைத் தூசியில் என் தொண்டை கட்டிவிட்டது. மருமகளின் நகையைப் பிடுங்கும் முக்கியமான காட்சிக்கு வேறொரு பெண் வந்து குரல் கொடுத்தாள். நன்றாகத்தான் செய்தாள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆனாலும் அடுத்த ஞாயிறு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். கல் போன பள்ளத்தில் செம்மண் கொட்டி, மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் இன்னும் மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து எரு வாங்கிக் கலந்தோம். வெண்டை ஊன்றினேன், பக்கத்தில் சிறுகீரை தூவினேன். முளை விட்ட காலையில் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதேன். தொழில்முறையில் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன், இது நிஜம்.

கீரை விரல் உயரம் வந்தபோது செயலாளர் வீட்டுக்கே வந்தார். காபியைத் தொடாமல் ஓரத்தில் உட்கார்ந்தார். சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்ததாம். அந்த மூலை இப்போது பாத்தி ஆகிவிட்டது. பாத்தி என்று ஆகிவிட்டால், அது காத்திருப்போரில் முதலில் நிற்பவருக்குத்தான் போக வேண்டும். முதலில் நிற்பவர் ஒரு மாமி, கணக்கு டீச்சராக இருந்தவர், சங்கம் தொடங்கிய நாளிலிருந்து காத்திருக்கிறார்.

ரப்பீஸாக இருந்தவரை என்னுடையது, மண் ஆனதும் ஊருடையது. எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சி வரை எரிந்தது. செயலாளரும் தயாராகத்தான் வந்திருந்தார். அவர் மனைவி தினமும் பார்க்கும் தொடரில் என் குரல் வருகிறது, நான் கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆனால் கத்த முடியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது நியாயம். வரிசையில் முன்னால் நிற்பவரைத் தள்ளிவிட்டுப் போகிறவளாக நான் வளரவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனம் இல்லை. அந்தக் கல்லை எடுத்தது என் முதுகு. சரி சார் என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, சமையலறையில் இருந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வெண்டைக்கு நடுவில் வைத்தேன். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரியை நம்பி வாழ்ந்த கோடைகளைப் பார்த்த எந்தச் சென்னைக்காரரும் கேட்க மாட்டார். அந்த நாட்களில் லாரி வரும்வரை யாரும் வெயிலில் நிற்க முடியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவோம். குடம் நின்றால் ஆள் நிற்பதாகத்தான் கணக்கு. அடுத்தவர் குடத்தை நகர்த்தியவர் அந்தத் தெருவில் அதற்கப்புறம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பங்களாக்காரர், பாட்டு வாத்தியார், வங்கி அதிகாரி, எல்லோரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான்.

மறுநாள் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, குடத்தை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். நீங்களே எடுத்து ஓரமாக வையுங்கள் சார் என்றேன். அவர் எடுக்கவில்லை. சங்கத்தில் யாருமே எடுக்கவில்லை. தண்ணீர் ஊற்ற வந்தவர்கள் குடத்தைச் சுற்றிப் போனார்களாம். யாரோ என் கீரைக்கும் சேர்த்து ஊற்றியிருந்தார்கள்.

சனிக்கிழமை அந்த மாமி பாத்தியைப் பார்க்க வந்தார். செயலாளர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் வாசலிலேயே என் வாதங்களை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். மாமி மெலிந்த உடம்பு, கையில் மஞ்சள் பை, விறுவிறு நடை. என்னைப் பார்க்கவே இல்லை, நேராகக் குடத்தைத்தான் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் மாமி."

அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இவர் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டால் எனக்குப் பேச ஒரு வார்த்தையும் கிடையாது.

"எனக்குக் கோவம் கோவமா வரது, தெரியுமோ? எத்தனை வருஷமா காத்துண்டிருக்கேன்" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா நானும் லாரித் தண்ணிக்கு நின்னவதான். முன்னாடி ஒரு குடம் இருந்தா அதுக்குப் பின்னாடிதான் நிக்கணும். தள்ளி வெச்சுட்டுப் போறது எங்காத்துல கிடையாது."

செயலாளர் பக்கம் திரும்பி, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். மதில் ஓரமாக வெறும் ரப்பீஸ்தான் என்றார் அவர். மாமி மஞ்சள் பையை என் குடத்துக்குப் பின்னால், செங்கல் குவியலின் மேல் வைத்தார். "அப்போ இது என்னோடது" என்றார்.

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை, கடப்பாரை எங்கள் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மாமி, நான், என் கணவர், எதிர்பாராமல் செயலாளரும். பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு வந்து நின்றார். மாமிக்குக் கல் அள்ளும் வலு இல்லை, ஆனால் வேலை வாங்கத் தெரியும். வகுப்பறை போலவே ஆளுக்கு ஒரு பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, என் கணவரிடம் மட்டும் சபாஷ் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டாவி விட்டதற்காக என்னை அதட்டினார். சீரியலில் மருமகளாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

விஷயம் பரவிவிட்டது. மாமிக்கு அடுத்து நின்றவர் வந்தார், அவருக்கு அடுத்தவர் தன் தம்பியோடு வந்தார். மதில் ஓரம் முழுக்க இப்போது பாத்திகள்தான், ரப்பீஸில் ஒரு துண்டு டைல்ஸ்கூட மிச்சமில்லை. காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மண் கிடைத்தது. இதைச் சொல்லும்போது எனக்கு அடக்கமெல்லாம் வருவதில்லை. முதல் கல்லை எடுத்தவள் நான் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

போன மாதம் வீட்டுச் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். வாடகைக்காரர்களுக்கு அந்த இனிப்பின் அர்த்தம் தெரியும். மகனுக்கு இந்த வீடு தேவைப்படும், நாங்கள் கிளம்ப வேண்டும். கணவர் அட்டைப்பெட்டிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். நான் தரகரைக் கூப்பிட்டேன். அவர் மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை, லிஃப்ட், இதே வாடகை என்று ஆசை காட்டினார். முன்பென்றால் அன்றைக்கே போய்ப் பார்த்திருப்பேன்.

வேண்டாம் என்றேன். ஒற்றை அறையாக இருந்தாலும் பரவாயில்லை, மந்தைவெளியை விட்டுப் போக முடியாது, என் நிலம் இங்கே இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இத்தனை வீடு மாறியிருக்கிறேன், வேலைக்குப் பக்கமாக, பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக என்றெல்லாம் தேடியிருக்கிறேன், இப்படி ஒரு காரணத்தை என் வாய் சொன்னதே இல்லை.

தரகர் குரல் சட்டென்று மாறிவிட்டது.

"மந்தைவெளில நிலமா? சொல்லவே இல்லியேம்மா. எத்தனை கிரவுண்டு?"

"வெண்டைக்காய் போட்டிருக்கேன்" என்றேன். "நடந்து போற தூரத்துல வீடு பாருங்க."