வெட்டிப் பாத்த நெறிக்கட்டி

அந்த மேலத்தெருக்காரி ஓடிப்போனா போகட்டும் விருமாயி, போன எடத்துல நல்லா இருந்தாச் சரி. அந்தக் கதைய நேத்துலருந்து மூணு வீட்டுல கேட்டாச்சு. அதைச் சாக்கு வச்சு ஆசுபத்திரிப் பேச்சை மாத்தாத. இங்கன அடுப்புக்கிட்ட வந்து உக்காரு. சேலை கட்டுற எடுப்புல ஆறாத புண்ணு ஒனக்கு. இப்பத் தொடையிடுக்குல நெறி கட்டியிருக்கு. அதை வெட்டிப் பாக்கணும்னு டாக்டரம்மா வரச்சொன்னது இன்னைக்கு. நீ போகமாட்டேங்கிற. அதானே?

மூணு நடவுக்கு முந்தி நானும் இப்பிடித்தான்.

ஜெயமங்கலத்து வயல்ல நட்டுக்கிட்டிருந்தேன். கால்ல முள்ளு ஏறுச்சு, நெறி கட்டுச்சு. கால்ல புண்ணு வந்தா நெறி கட்டும், அவ்வளவுதான நமக்குத் தெரியும்? எங்க வீட்டு ஆளு முள்வாங்கியால தோண்டி எடுத்து, "முள்ளு வந்துருச்சு, நெறி இன்னைக்கே எறங்கிரும்"னாக. சுண்ணாம்பும் மஞ்சளும் கொழைச்சுப் பத்துப் போட்டேன். கால் ஆறிப்போச்சு, நெறி எறங்கல. கொட்டைப்பாக்கு கணக்கா இருந்தது எலுமிச்சங்கா கணக்கா ஆச்சு. வலியே இல்ல. வலிக்காததுக்கு எதுக்கு வைத்தியம்னு விட்டுட்டேன் கூறுகெட்டவ.

எடுப்புப் புண்ணை நான் கணக்குலயே சேக்கல. சேலை கட்டுன நாள்லருந்து அந்தத் தடம் இருக்கு. சேத்துல எறங்குறவ இறுக்கித்தான கட்டணும்? அந்தச் சேலை ஆண்டிபட்டித் தறியில எடுத்தது, கரை கயிறு மாதிரி இருக்கும். இன்னும் கிழியலைன்னா பாத்துக்க. தடம் கருத்துச்சு, வெளுத்துச்சு, நமைச்சல் எடுத்துச்சு, வெடிச்சுச்சு. எண்ணெயத் தொட்டு வச்சு அதுமேலயே மறுபடி கட்டுனேன். எந்தப் பொம்பளைக்குத்தான் இல்ல?

நெறி பெருத்துக்கிட்டே போகவுந்தான், கரியப் போட்டு ஓட்டுற கரிப் பஸ்ஸுல மதுரை ஆசுபத்திரிக்குப் போனோம். மேட்டுல ஏறமாட்டேன்னு நின்னுருச்சு. எங்க வீட்டு ஆளு எறங்கித் தள்ளுனாக. கண்டக்டர் என்னைப் பாத்து, "ஆத்தா, நீங்களும் ஒரு கை வைங்க"ன்னான்.

"நான் நோயாளிடா"ன்னேன்.

"பஸ்ஸும் நோயாளிதான்"ங்கிறான்!

அன்னைக்குச் சிரிச்சதுதான். பெறகு ரொம்ப நாளைக்குச் சிரிக்கல.

டாக்டரம்மா நெறியத் தடவிப் பாத்தாக. காலைக் காட்டுனேன். "இது ஆறிப்போன முள்ளு. வேற எங்கயாச்சும் புண்ணு இருக்கா?"ன்னாக. இல்லம்மான்னேன். பொய் சொல்லல விருமாயி, நெசமாவே நெனப்பு வரல. மலையாளத்து நர்சம்மா என்னைப் படுக்க வச்சுச் சேலைய நெகிழ்த்துனா. "இதெந்தா?"ன்னா. "அது சேலைத் தடம்"னேன். டாக்டரம்மா கையக் கழுவிட்டு வந்து திரும்பப் பாத்தாக.

"இது தோல்ல வர்ற புத்துநோய். புண்ணுல சீழ் வச்சாலும் நெறி வீங்கும், புத்து அங்கன எறங்குனாலும் வீங்கும். கையால தடவுனா ரெண்டும் ஒண்ணு போலத்தான். ஒரு நெறிய எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"கத்தி பட்டாப் பரவிரும்னு எங்கூர்ல சொல்றாகளேம்மா?"

"கத்தி படாமயே எலுமிச்சங்கா அளவு வளந்திருக்கே. அதை யாரு வெட்டுனது?"

சரி, எடுங்கன்னுட்டேன். மரத்துப்போற ஊசி போட்டாக. இழுக்கிறது தெரிஞ்சுச்சு, வலி தெரியல. தட்டுல கத்தி வைக்கிற சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சு. எடுத்ததை நர்சம்மா காட்டுனா. ஆட்டுக் கொழுப்பு மாதிரி ஒரு துண்டு. மருந்துத் தண்ணி சீசாவுல போட்டு மெட்ராசுக்கு அனுப்புனாக. அங்கன மெலிசாச் சீவி, கண்ணாடியில பெரிசாக்கிப் பாப்பாகளாம்.

பதில் வர்ற வரைக்கும் வீட்டுல இருந்தேன். அழவும் இல்ல. மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன், வாசத் தெளிச்சேன், ஆனா நான்தான் செஞ்சேனான்னு தெரியல. ஒருநா கொழம்புல உப்பே போடல. எங்க வீட்டு ஆளு ஒரு வார்த்தை சொல்லாமத் தின்னுட்டு எந்திரிச்சாக. உப்பு ஒரு கல்லு கொறஞ்சாத் தட்டைத் தள்ளுற மனுசன். அப்பத்தான் தெரிஞ்சது, அவுகளும் பயந்து போயிருக்காக.

சொன்ன நாள்ல திரும்ப மதுரைக்குப் போனோம். "எடுத்த நெறியில புத்து இருக்கு"ன்னு பதில் வந்திருந்துச்சு. எங்க வீட்டு ஆளு செவத்தப் புடிச்சுக்கிட்டாக. எனக்கு ஒண்ணுமே தோணல. அங்கன கட்டில்ல ஒருத்தி ஆரஞ்சுப் பழம் உரிச்சுக்கிட்டிருந்தா. தோலு அறாம ஒரே சுத்தா உரிச்சா. அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

மயக்கம் குடுத்து எடுப்புப் புண்ணைச் சுத்தி நல்ல தோலோட அகலமா எடுத்தாக. தொடையிடுக்குல மிச்சமிருந்த நெறியவும் தோண்டுனாக. ஒரு மாசத்துக்கு மேல கட்டில். தண்ணி தண்ணியா ஊறி, கட்டு நனைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. செத்துருவமோன்னு கூடத் தோணல. மேல கூரை ஓடுகள எண்ணுவேன், பாதியில விட்டுருவேன்.

இந்தா இருக்கேன்! மூணு நடவு பாத்துட்டேன். சாயங்காலமானா இந்தக் கால் வீங்கிரும். தொடையில உள்ளங்கை அகலத்துக்கு மரத்தே கெடக்கு. கிள்ளுனா அடுத்தவளக் கிள்ளுற மாதிரி இருக்கு. கொசுவுக்குத்தான் கொண்டாட்டம். சேலைய அகலமா மடிச்சு, நெகிழ, நாளுக்கொரு எடத்துல கட்டுறேன். சுருக்குப்பை எடுப்புல நிக்கமாட்டேங்குது, மாட்டு மணியாட்டம் கழுத்துல கெடக்கு. முந்தியெல்லாம் நடவு, களையெடுப்பு, அறுப்புன்னு நாளு போகும். இப்ப ஆசுபத்திரியில காட்டுறதுக்கு முந்தி, காட்டுனதுக்குப் பிந்தி, அவ்வளவுதான். காட்டிட்டு வந்த அன்னைக்கு மட்டும் ரெண்டு சோறு கூடத் திம்பேன்.

ஒனக்கு வெறும் சீழாயிருக்கலாம், புத்தாயிருக்கலாம். எனக்கென்ன தெரியும்? அந்தக் கண்ணாடிக்குத்தான் தெரியும். நான் முள்ளுக்குப் பத்துப் போட்டுக் காலத்தைப் போக்குனேன். நீயும் போக்காத.

என்ன, என் தொடையவே பாக்குற? அய்யய்ய, கங்கு விழுந்து சேலை கருகுது! தண்ணிய ஊத்து, ஊத்து ஆத்தா! சிரிக்காத. எனக்குத் தெரியவே இல்ல பாத்தியா. நல்ல வேளை நீ பாத்த.

அந்தா, மேட்டுல கரிப் பஸ்ஸு மொனங்குது. ஏறி வர நேரமாகும். நீ போயி அந்த இறுக்கிக் கட்டுன சேலைய அவுத்து, புண்ணுக்கு மேல தூக்கிக் கட்டிட்டு ரோட்டுக்கு வா. எனக்கும் காட்டுற நாளு கிட்டத்தான், கூடவே வர்றேன். போத்தா, உலை பொங்குது, நான் சோத்தை வடிக்கணும்.