ஒட்டகப் பக்கத்தில் மழை

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தலைமை ஆசிரியர் மேல் இருந்தது சாதாரணக் கோபம் அல்ல; தினமும் சோறு போட்டு வளர்த்த கோபம். பிள்ளைகள் தலைமை ஆசிரியருக்கு வைத்த பெயர் ‘உஷ்’. பள்ளிக்கூடத்தில் சத்தம் நின்றால் படிப்பு வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. வாய்விட்டு வாசிக்காமலே மூன்றாம் வகுப்பு வரை வந்த பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டவே நாக்குத் தள்ளியது.

வாசிக்கப் பழக்கலாம் என்று டீச்சர் அவரிடம் கதைப் புத்தகம் கேட்டுப் போனாள். எல்லாம் அவர் அறை பீரோவில் பூட்டிக் கிடந்தன.

“கிழிச்சிடுவாங்க டீச்சர். பிள்ளைங்களுக்கு எதுக்குக் கதை? நீங்க விடுற கதை பத்தாதா?”

கூட இருந்த ஆசிரியர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்று மூண்ட கோபம் அணையவே இல்லை.

அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், ‘உஷ்’ ஒரே ஒரு பாடத்தை வகுப்பு முழுவதையும் உருப்போட வைத்தார். மழைப் பாடம். யாரை எழுப்பினாலும் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பாவலா காட்டி அதை ஒப்பித்துவிட வேண்டும். அதிகாரியின் கார் வாசலில் நின்றபோது, டீச்சர் முன்வரிசை வாயாடியின் புத்தகத்தில் நாலைந்து தாளைப் புரட்டி வைத்தாள். அவ்வளவுதான். மாட்டட்டும் அந்த ‘உஷ்’ மனுஷன்.

“நீ படிம்மா,” என்றார் அதிகாரி.

வாயாடி எழுந்து மழையைக் கொட்டு கொட்டென்று கொட்டினாள். ஒரு சொல் பிசகவில்லை. அதிகாரி எட்டிப் பார்த்தார். பக்கம் முழுக்க ஒட்டகம்.

“இதுல மழை எங்கம்மா இருக்கு?”

வாயாடி படத்தை உற்றுப் பார்த்தாள். “இப்பதான் விட்டுச்சு மேடம். ஒட்டகம் காயுது.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. “உஷ்!” என்றார் ‘உஷ்’. அவர் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சருக்கு உள்ளே பாயசம் ஓடியது.

“சரி, இந்த ஒரு வரியை மட்டும் படி.”

வாயாடியின் விரல் வரிமேல் நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒட்டகத்தின் திமில்மேல் ஒரு சொட்டு விழுந்தது. வலை விரித்தது ‘உஷ்’ஷுக்கு, சிக்கியது இந்தப் பொடிசு. டீச்சர் போய் அவளை அணைத்து உட்கார வைத்தாள்.

“பக்கத்தை மாத்தினது நான்தான் மேடம். இவ மேல தப்பில்ல. இங்க யாருக்கும் வாசிக்க வராது. வாசிச்சா சத்தம் வரும்னு சார் விடுறதில்ல. புத்தகமெல்லாம் பீரோவுல தூங்குது.”

“டீச்சர், பார்த்துப் பேசுங்க!”

“இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டே இருந்ததுதான் சார் தப்பு.”

அதிகாரி பீரோவைத் திறக்க வைத்தார். புத்தகங்கள் வகுப்புக்கு வந்தன. ஆனால் ‘உஷ்’ஷின் நாற்காலி அசையவில்லை. அடுத்த வாரமே டீச்சரை ஒன்றாம் வகுப்புக்குத் தூக்கியடித்தார். மூக்கொழுகும் பட்டாளத்தோடு அல்லாடட்டும் என்று நினைப்பு. ஆத்திரத்தில் ஒன்றை மறந்துவிட்டார்: ஒன்றாம் வகுப்புக்கும் அவர் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே.

டீச்சர் பிள்ளைகளைத் தடுப்பைப் பார்த்து உட்கார வைத்தாள். இடைவேளையில் வாயாடியையும் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினாள். அந்தத் தொண்டையின் அருமை அவளுக்குத் தெரியும்.

“கண்ணுங்களா, இது ‘அ’. பக்கத்து ரூம்ல ஒருத்தருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க பாப்போம்!”